இரவு 2 மணிக்கும் திறக்கிற அலமாரி

மருத்துவமனையின் அவசரப் பிரிவிலிருந்து மாற்றுத்துணி இல்லாமல் வெளியே போகும் வீடில்லாதவர்களுக்காக, குளிருக்கான உடைப் பைகள் வைக்கும் எங்கள் அலமாரி இந்தக் குளிர்காலத்தில்தான் ஒழுங்காக வேலை செய்கிறது. இது மூன்றாவது குளிர்காலம். முதல் இரண்டிலும் துணி நிறையச் சேர்ந்தது, நிறையப் பேர் உழைத்தார்கள். ஆனாலும் யாருக்காக அதையெல்லாம் செய்தோமோ, அவர்களில் பலர் குளிரில் நடுங்கிக்கொண்டேதான் மருத்துவமனை வாசலைத் தாண்டிப் போனார்கள். என்ன செய்தோம், எங்கே தப்பு நடந்தது, இப்போது என்ன அளவில் என்ன தைக்கிறோம் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே வேலையைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு குளிர்காலமாவது மிச்சமாகும்.

ஒரு நாள் ராத்திரி அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோயிருந்தோம். எதிர்ப் படுக்கையில் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். எங்கோ விழுந்து நெற்றியில் தையல் போட்டிருந்தார்கள். விடியற்காலை 4 மணிக்கு அவரை டிஸ்சார்ஜ் செய்தார்கள். மேலே மருத்துவமனை கவுன், கீழே காகிதம் போன்ற துணியில் ஒரு பைஜாமா, காலில் வார்டு செருப்பு. வெளியே 3 டிகிரி. அவருடைய உடை எங்கே என்று நர்ஸிடம் கேட்டேன். "வந்தப்போ முழுக்க நனைஞ்சு ரத்தமா இருந்துச்சுக்கா, கத்தரிச்சுத்தான் எடுத்தோம். குடுக்க எங்ககிட்ட வேற ஒண்ணும் இல்ல" என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உடையைக் கத்தரிப்பது அங்கே வழக்கம்தான். அடிபட்டு வருகிறவரின் உடம்பை உடனே பார்க்க வேண்டும், கை காலை அதிகம் அசைக்கக் கூடாது. வீடு இருக்கிறவருக்கு யாராவது மாற்றுத்துணி கொண்டுவந்துவிடுவார்கள். வீடில்லாதவருக்கு அந்த ஒரு கோட்டுதான் போர்வை, மெத்தை எல்லாம். அதைத்தான் வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

அப்பா தேறி வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மனிதரின் வார்டு செருப்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை. நாங்கள் நாலு பேர் சேர்ந்தோம். ஒருவர் ஓய்வுபெற்ற தையல்காரர், அவரை எல்லோரும் பெரியவர் என்றே கூப்பிடுகிறோம். இன்னொருவர் அதே பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ். நானும் என் தோழியும் மற்ற இருவர்.

முதல் வேண்டுகோளை நான்தான் எழுதினேன். "குளிர்கால உடை எதுவானாலும் தாருங்கள்." இந்த ஒரு வாக்கியம் எங்கள் மூன்று வார இறுதிகளைத் தின்றது. வந்தது 236 உருப்படி. கூடத்தில் கொட்டிப் பிரித்தோம். குழந்தைகள் அளவு 52. ஜிப் போனது, கிழிந்தது 47. நல்ல நிலையில் இருந்தும் முழுப் பருத்தியில் பின்னிய மெல்லிய பனியன் வகை 49. உருப்படியாகத் தேறியது 88. கொடுத்தவர்கள் மேல் துளியும் வருத்தமில்லை. நான் கேட்டதைத்தான் தந்தார்கள். கேட்ட விதம் தப்பு.

அடுத்த தப்பு சலவையில். பழைய உடையை நோயாளிக்குக் கொடுப்பதென்றால் மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் கேட்டது நியாயமான ஒன்று: சிரங்கும் பேனும் உடை வழியாக இன்னொருவருக்குப் போகக் கூடாது. சூட்டில் துவைத்துச் சூட்டிலேயே உலர்த்தச் சொன்னார்கள். நாங்கள் எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் போட்டுவிட்டோம். அதில் 11 கம்பளி ஸ்வெட்டர்கள் இருந்தன. வெளியே எடுத்தபோது ஒவ்வொன்றும் பாதி அளவுக்குச் சுருங்கி, தடித்து, தகடு மாதிரி ஆகியிருந்தது. கொடுத்தவர்களில் ஒரு பாட்டி தன் கையால் பின்னியது அதில் ஒன்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதைத் தூக்கிப் போடாதே, செருப்புக்குள்ள போடலாம்" என்றார். சுருங்கி இறுகிய கம்பளியைக் கத்தரித்தால் ஓரம் பிரியாது. பழைய காலணி மூன்றை வைத்து அட்டையில் மூன்று அளவுக்கு மாதிரி வெட்டி, 11 ஸ்வெட்டரில் 58 ஜோடி உள்ளடி தேறியது. நனைந்தாலும் கம்பளி சில்லென்று ஆகாது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொட்டால் அவ்வளவாக ஈரம் தெரியாது. இன்றைக்கும் எல்லாப் பையிலும் அந்த மாதிரி உள்ளடி ஒரு ஜோடி போகிறது. அந்தப் பாட்டியிடம் போய் ஸ்வெட்டர் என்ன ஆனதென்று சொன்னேன். "காலுக்குப் போச்சா, நல்லது" என்றார்.

இப்போது கம்பளியை வெந்நீரில் போடுவதில்லை. கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் கட்டி, தேதி எழுதி 14 நாள் வைத்துவிடுகிறோம். சிரங்குப் பூச்சி மனிதத் தோலை விட்டு வந்தால் பொதுவாக 2, 3 நாளுக்கு மேல் பிழைக்காது. உடையின் மடிப்பில் ஒளிகிற சீலைப்பேன் ரத்தம் கிடைக்காமல் ஏறக்குறைய ஒரு வாரத்தில் செத்துவிடும். அதற்கு இரண்டு மடங்கு நாள் வைக்கிறோம். அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் மிதமாக அலசி, விரித்துப் போட்டு உலர்த்துகிறோம். பருத்தி, பாலியஸ்டர் கலப்பு மட்டும் 60 டிகிரி.

எந்தத் துணியை வைத்துக்கொள்வது என்பதில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. தடிமனான பருத்தி ஸ்வெட்டர் கையில் எடுத்தால் கனமாக, கதகதப்பாக இருக்கிறது. அதை ஏன் ஒதுக்க வேண்டும் என்று தோழி கேட்டாள். சரி, பார்த்துவிடலாம் என்று ஐந்து ஒரு லிட்டர் பாட்டில்களில் 60 டிகிரி தண்ணீர் ஊற்றி, ஒன்றை அப்படியே விட்டு மற்றவற்றைச் சுற்றிக் கட்டி, மாடியில் ஒரு மணி நேரம் வைத்தோம். வெளியே 4 டிகிரி. சமையலறைத் தெர்மாமீட்டர்தான் கருவி. ஒன்றும் சுற்றாத பாட்டில் 37க்கு இறங்கியிருந்தது. உலர்ந்த பருத்தி ஸ்வெட்டர் சுற்றியது 46, உலர்ந்த ஃப்ளீஸ் (பாலியஸ்டரில் செய்த பஞ்சு போன்ற துணி) 47. ஒரு டிகிரிதான் வித்தியாசம், தோழி சொன்னது சரி என்றே தோன்றியது. ஆனால் நனைத்துப் பிழிந்து சுற்றிய பருத்தி 34. துணியே சுற்றாத பாட்டிலைவிட அது ஆறிப்போயிருந்தது! நனைத்துப் பிழிந்த ஃப்ளீஸ் 42 காட்டியது. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்று படித்திருந்தாலும் அந்த 34ஐக் கண்ணால் பார்த்தபோதுதான் உறைத்தது. மழையிலும் பனியிலும் படுக்கிறவருக்கு ஈரமான பருத்தியைக் கொடுத்தால் நல்லதைவிடக் கெடுதலே அதிகம். அன்றோடு பருத்தி உள்ளாடைக்கு மட்டும், அதுவும் மேலே வேறு அடுக்கு இருந்தால் மட்டும் என்று முடிவானது.

முதல் குளிர்காலத்தின் நடுவில் 20 பைகள் தயாரானது. எல்லாம் ஒரே மாதிரி: தலை வழியாகப் போடும் ஸ்வெட்டர், நாடா வைத்த தொப்பிச் சட்டை, இரண்டு ஜோடிக் காலுறை, கையுறை, கசக்கினால் சூடாகிற பொட்டலம் நாலு, வெள்ளிக் காகிதம் போன்ற அவசரகாலப் போர்வை ஒன்று. பார்க்க அழகாக இருந்தது. நர்ஸ் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, கொடுத்தபோது என்ன நடந்தது என்று இரண்டு இரண்டு வரி எழுதினார். அந்த நோட்டுதான் எங்களுக்கு ஆசான். சில வரிகளை இங்கே தருகிறேன்.

"கையில் மாவுக்கட்டு. ஸ்வெட்டர் ஏறவில்லை." "இரண்டு காலும் வீங்கியிருக்கிறது, காலுறையின் எலாஸ்டிக் பிடித்துத் தடம் விழுந்தது, கழற்றிவிட்டேன்." "மனநல வார்டுக்கு மாற்றினார்கள், கழுத்து நாடா உள்ளதை உள்ளே விடவில்லை." "சர்க்கரை நோயாளி. சூட்டுப் பொட்டலத்தைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டார், டாக்டர் பார்த்துப் பதறி எடுத்தார்."

கடைசி வரியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. அந்தப் பொட்டலத்துக்குள் இருப்பது இரும்புத்தூள். காற்றுப் பட்டு அது துருப்பிடிக்கும்போது சூடு வருகிறது. அந்தச் சூடு 60 டிகிரியைத் தாண்டலாம். நீண்ட நாள் சர்க்கரை நோய் இருப்பவருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும், தோல் வெந்துபோனாலும் தெரியாது. அந்தப் புண் ஆறாமல் காலையே எடுக்கும் நிலைக்குப் போகலாம். நல்ல எண்ணத்தோடு நாங்கள் வைத்த பொருள் அது. அன்றே மிச்சமிருந்த எல்லாப் பையிலிருந்தும் எடுத்துவிட்டோம். மறுபடி வைக்கவே இல்லை. மது அருந்தியவர்களைப் பற்றியும் நர்ஸ் அப்போதுதான் சொன்னார். குடித்தால் தோலுக்கு ரத்தம் அதிகம் பாய்ந்து சூடாக இருப்பதுபோலத் தோன்றும், உள்ளே உடம்பு வேகமாகக் குளிர்ந்துகொண்டிருக்கும். உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. அதனால் "குளிரவில்லை, எனக்கு எதுவும் வேண்டாம்" என்று ஒருவர் சொன்னாலும் நர்ஸ் பையைக் கையில் கொடுத்தே அனுப்புகிறார்.

வெள்ளிப் போர்வையும் ஏமாற்றியது. அது காற்றைத் தடுக்கும், உடம்பிலிருந்து கதிராக வெளியேறும் சூட்டைத் திருப்பி அனுப்பும். ஆம்புலன்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சரி. அதைப் போர்த்தித் தெருவில் படுத்தவர் மறுமுறை வந்தபோது, அசைந்தால் சரசரவென்று சத்தம் போட்டு எல்லோருக்கும் தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது, உள்ளே வியர்த்து நனைந்தது, இரண்டாம் இரவே கிழிந்தது என்றார். இன்னொன்றும் சொன்னார். "மேல போத்துறதுக்கு என்னவாவது கிடைச்சிரும்மா. கீழதான். தரை உறிஞ்சிரும்." அதுவரை எங்களில் யாரும் தரையைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாம் குளிர்காலத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் மாற்றினோம். நடுவில் ஒரு தவறான பாதையிலும் கொஞ்ச தூரம் போனோம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வெரோனிகா ஸ்காட் என்பவர் வடிவமைப்பு மாணவியாக இருந்தபோது 2010இல் ஒரு கோட்டை உருவாக்கத் தொடங்கினார். பகலில் கோட்டு, இரவில் தூங்கும் பை. பிறகு அதற்காக ‘எம்பவர்மென்ட் பிளான்’ என்ற அமைப்பையே தொடங்கி, வீடில்லாதவர்களுக்கான தங்குமிடங்களில் இருந்தவர்களையே வேலைக்கு எடுத்துத் தைக்க வைத்தார். எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை. அதேபோல நாமும் செய்வோம் என்று இறங்கினோம். வீட்டுத் தையல் மெஷினில் அத்தனை அடுக்கு ஏறவில்லை. 6 ஊசி உடைந்தது. இரண்டு கோட்டு தைக்க ஆளுக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. தொழிற்சாலை மெஷினும் முழுநேர ஆளும் இருக்கிற இடத்துக்கு உரியது அது. நாங்கள் வாரத்துக்கு ஆறு மணி நேரம் உட்காருகிறவர்கள். இரண்டோடு விட்டோம்.

அதற்குப் பதில் பெரியவர் ஃப்ளீஸ் போர்வையிலேயே ஒரு தோள் உடை யோசித்தார். போர்வை 130க்கு 170 செ.மீ., துணியின் கனம் சதுர மீட்டருக்கு 300 கிராம். 170 பக்கத்தை உடம்பைச் சுற்றி வரும்படி வைக்கிறோம். மேல் விளிம்பில் 25 செ.மீ. வெளிப்பக்கம் மடித்தால் தோளுக்கு இரட்டை அடுக்காகிறது, தேவைப்பட்டால் அதையே தூக்கித் தலைக்குப் போட்டுக்கொள்ளலாம். மீதி 105 செ.மீ. முழங்கால் வரைக்கும் வரும். தோளில் நிற்க இரண்டு பக்கமும் 8 செ.மீ. மடிப்பு எடுத்துத் தைக்க வேண்டும். முன் விளிம்பிலிருந்து 38 செ.மீ. தள்ளி, தோள் மடிப்பிலிருந்து 32 செ.மீ. இறக்கி, 24 செ.மீ. நீளத்துக்குக் கை விட ஒரு வெட்டு. மாவுக்கட்டுப் போட்ட கையும் அதில் நுழையும், ஊசிக்குழாய் ஏற்றிய கையை உள்ளேயே வைத்துக்கொண்டாலும் தொந்தரவில்லை. வெட்டின் ஓரத்துக்கு 2 செ.மீ. பட்டை நாடா வைத்துத் தைக்காவிட்டால் ஒரே வாரத்தில் இழுபட்டு நீளும்.

முன்பக்கம் மூட முதலில் வெல்க்ரோ வைத்தோம். ஃப்ளீஸின் பஞ்சு முழுக்க அதில் ஒட்டிக்கொண்டு, நாலாவது முறை பிடிக்கவே இல்லை. பத்து உருப்படியில் பிரித்தெடுத்தோம். இப்போது 12 மி.மீ. பிளாஸ்டிக் பிரஸ் பட்டன், 18 செ.மீ.க்கு ஒன்றாக ஐந்து. கையால் அழுத்தும் ப்ளையர் ஒன்று போதும். பட்டன் வரும் இடத்தின் உள்பக்கம் பழைய ஜீன்ஸ் துண்டு 3 செ.மீ. சதுரம் வைத்துத் தைத்த பிறகே பட்டனை அழுத்த வேண்டும். நேரடியாக ஃப்ளீஸில் அழுத்தினால் பட்டனோடு துணியும் பிய்ந்து வந்துவிடுகிறது. கழுத்துப் பக்கம் யாராவது இழுத்தால் இந்தப் பட்டன்கள் தானாகத் திறந்துகொள்ளும். மனநல வார்டின் நர்ஸ் அதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

தைப்பதற்குப் பாலியஸ்டர் நூல், 14 எண் ஊசி, தையல் நீளம் 3.5 மி.மீ. மெஷின் பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மேல் துணி முன்னால் ஓடி ஓரம் அலை அலையாக வரும். முதல் உடைக்கு 50 நிமிடம் ஆனது. ஒருவர் வெட்ட, ஒருவர் நாடா வைக்க, ஒருவர் பட்டன் அழுத்த என்று பிரித்த பிறகு 22 நிமிடத்துக்கு வந்தது.

காலுக்கு ஒரு பை. படுக்கும்போது இரண்டு பாதத்தையும் சேர்த்து உள்ளே விட்டுக்கொள்வது. அதே அளவுப் போர்வை ஒன்றில் 104க்கு 65 செ.மீ. துண்டுகள் மூன்று வெட்டலாம். இரண்டு ஒருபக்கம் படுக்கையாகவும் மூன்றாவது மிச்சத்தில் செங்குத்தாகவும் வரும். ஓரங்களில் 1 செ.மீ., வாயில் 3 செ.மீ. மடித்துத் தைத்தால் 51க்கு 61 செ.மீ. பை கிடைக்கும், மாவுக்கட்டுக் காலுக்கும் இடமுண்டு. தரையின் ஈரம் ஏறாமலிருக்க முதலில் பை முழுக்க வெளியே நீர் ஒட்டாத துணி தைத்தோம். உள்ளே வியர்வை நின்று காலையில் காலுறை ஈரமாகிவிட்டது. அது வேண்டவே வேண்டாம். ஈரக் காலோடு மணிக்கணக்காக இருந்தால் உறைபனி இல்லாமலே பாதம் வெளுத்து, மரத்து, புண்ணாகும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு வந்தது இதுதான். 15 டிகிரி வெப்பநிலையில்கூட வரலாம். அதனால் இப்போது அடிப்பக்கத்துக்கும் விரல் பக்கத்துக்கும் மட்டும் அந்தத் துணி, மேலே வெறும் ஃப்ளீஸ். துணிக்குக் காசு செலவில்லை. கம்பி உடைந்த குடைகளைக் கேட்டோம், வந்து குவிந்தது. ஒரு குடையில் இரண்டு பைக்குத் துணி.

தரைக்கு, தண்ணீர் உறிஞ்சாத நுரைப் பாய். 10 மி.மீ. தடிமன், 180க்கு 50 செ.மீ. முழுப் பாயாகக் கொடுத்தால் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்றார்கள். மூன்றாக வெட்டி, துணி நாடாவால் மடிப்புப் போல இணைத்தோம். மடித்தால் 60க்கு 50, பையின் முதுகுப் பக்கம் நிற்கும், பெஞ்சில் உட்காரவும் ஆகும். வெட்டக் கத்தரிக்கோல் வேண்டாம். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புதிய பிளேடால் ஒரே இழுப்பு. மங்கிய பிளேடு நுரையைக் கிள்ளி எடுக்கும்.

இவ்வளவும் செய்து 60 பை அடுக்கினோம். இரண்டு மாதம் கழித்து எண்ணினால் 43 அங்கேயே இருந்தது! வார்டில் ஆள் இல்லாமலா? நோட்டைப் பார்த்தோம். வெளியே போன 17 பையும் பகலில் போனது. அலமாரி முதல் மாடியில், அலுவலக வராந்தாவில் இருந்தது. மாலை 6 மணிக்கு அந்தப் பக்கத்தையே பூட்டிவிடுவார்கள், சாவி மேலாளரிடம். நாங்கள் நினைத்துச் செய்த மனிதர் போவதோ நள்ளிரவிலும் விடியற்காலையிலும். துணி, அளவு, பட்டன் என்று இத்தனை மாதம் பேசிய நாங்கள், அலமாரி எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இந்த மூன்று வருடத்தில் நாங்கள் செய்த பெரிய பிழை இதுதான் என்று நினைக்கிறேன்.

இடத்தை மாற்றச் சம்மதம் வாங்க ஐந்து மாதம் ஆனது. அவசரப் பிரிவுக்குள் இடம் நெருக்கடி, அது உண்மைதான். கூட்டத்தில் ஒரு விஷயம் எங்களுக்கு உதவியது. கலிபோர்னியா மாநிலத்தில் 2018இல் ஒரு சட்டம் வந்து, 2019 முதல் நடப்பில் இருக்கிறது. வீடில்லாத நோயாளியை அனுப்பும்முன், அவருடைய உடை போதாது என்றால் பருவநிலைக்கேற்ற உடை கொடுக்க மருத்துவமனை முன்வர வேண்டும் என்று அதில் இருக்கிறது. எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் ஒரு பெரிய மாநிலம் இதை மருத்துவமனையின் வேலையாகவே பார்க்கிறது என்றதும், தயவு கேட்டு நிற்பவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்ப்பது நின்றது. நோயாளிகளைப் பதிவு செய்யும் மேஜைக்குப் பின்னால் 90 செ.மீ. அகலச் சுவர் கிடைத்தது. 40 செ.மீ. ஆழத்தில் இரும்பு அலமாரி, எண் பூட்டு. எண் எல்லா நர்ஸுக்கும் தெரியும். இரவு 2 மணிக்கும் திறக்கும். இந்தக் குளிர்காலத்தில் இதுவரை 112 பை போயிருக்கிறது, அதில் 71 இரவு 9க்கும் காலை 6க்கும் நடுவில்.

நோட்டில் நோயாளியின் பெயர் எழுதுவதில்லை. என்ன எடுத்தோம், என்ன அளவு, என்ன பொருந்தவில்லை, அவ்வளவுதான். பையைக் கொடுத்துவிட்டால் ஆளை அனுப்பிவிடலாம் என்று ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. காயம் ஆறாத ஒருவருக்குத் தேவை கூரை. எந்தத் துணியும் அதற்கு ஈடாகாது. அதனால் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: தங்குமிடத்தில் படுக்கை கேட்டாயிற்றா, சமூகப் பணியாளரைக் கூப்பிட்டாயிற்றா? அந்த இரண்டுக்கும் நேரம் எழுதிய பிறகே பை. ராத்திரியில் பெரும்பாலும் "படுக்கை இல்லை" என்றுதான் எழுதப்படுகிறது. எத்தனை முறை அப்படி எழுதினோம் என்ற கணக்கு மாதாமாதம் நிர்வாகத்துக்குப் போகிறது.

பையின் நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் குளிர்காலத்தில் மொத்தமாக வாங்கியதால் எல்லாம் ஒரே நீலம். ஒரு இளைஞர் வாங்க மறுத்துவிட்டார். "இதை மாட்டிக்கிட்டுப் போனா, ஆஸ்பத்திரியில தானம் வாங்கினவன்னு எல்லாருக்கும் தெரியும். உள்ள புதுசு இருக்குன்னும் தெரியும், ராத்திரியே பிடுங்கிருவாங்க" என்றார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். இப்போது முதுகுப்பைகளைப் பழையதாகவே கேட்டு வாங்குகிறோம், கறுப்பு, சாம்பல், பழுப்பு, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல். தோள் உடைக்கும் அடர் நிறம் மட்டும். அழுக்கும் சீக்கிரம் தெரியாது.

வேண்டுகோளையும் இப்போது வேறு மாதிரி எழுதுகிறோம். "மேல் எலாஸ்டிக் இறுக்காத, தடித்த, கம்பளி கலந்த காலுறை, பெரிய அளவு, புதியது. இந்த மாதம் 80 ஜோடி வேண்டும்." இவ்வளவுதான். அடுத்த மாதம் வேறொரு பொருள். கிடைப்பதில் பத்தில் ஒன்பது அப்படியே பயன்படுகிறது. காலுறை ஒரு பைக்கு நாலு ஜோடி வைக்கிறோம். ஒன்று காலில், ஒன்று உலர, ஒன்று மாற்ற, ஒன்று கையுறை தொலைந்தால் கைக்கு. பணமாக வந்ததை 100 பங்காக வைத்தால் இந்த வருடம் காலுறைக்கும் உள்ளாடைக்கும் 28, போர்வைக்கு 24, காலணிக்கு 20, பைக்கும் தொப்பிக்கும் 11, நுரைப் பாய்க்கு 9, சலவைக்கு 5, நூல், பட்டன், நாடாவுக்கு 3. பணம் கொடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே அனுப்புகிறோம்.

அடுத்த குளிர்காலத்துக்கு மாற்ற வேண்டியது என்று நான் குறித்து வைத்திருப்பது முதலில் காலணி. அந்த 20 பங்கில் நடுத்தர அளவாகவே வாங்கிவிட்டோம். கட்டுப் போட்ட பாதம், வீங்கிய பாதம், தடித்த காலுறை எல்லாம் சேர்ந்தால் ஆளின் அளவைவிட இரண்டு அளவு பெரிதாக வேண்டும். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, தையலைக் கோடையிலேயே தொடங்க வேண்டும். குளிர் வந்த பிறகு போர்வை கேட்டால் எல்லாரும் தங்களுக்கே வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது, பக்கவாட்டில் முழுக்கப் பட்டன் வைத்த பேன்ட். தொடையில் கட்டு, சிறுநீர்க் குழாய் உள்ளவர்களுக்கு இப்போது கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை. பெரியவர் பழைய விளையாட்டுப் பேன்ட் ஒன்றின் இரண்டு பக்கத்தையும் பிரித்து மாதிரி தைத்துக்கொண்டிருக்கிறார். இடுப்புப் பட்டி இன்னும் நிற்கவில்லை.

நேற்று நோட்டைப் பார்த்தேன். கடைசி வரி இரவு 2.40 மணிக்கு எழுதியது. "வலது பாதம் கட்டு. இரண்டு மிகப் பெரிய காலுறை, தோள் உடை, பாய். செருப்பு இல்லை, கால்பையையே ஷூ மாதிரி கட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டோம். தங்குமிடத்தில் இன்றைக்குப் படுக்கை கிடைத்தது." காலணியின் பெரிய அளவு எத்தனை ஜோடி வேண்டும் என்று இன்று எண்ணி எழுதப்போகிறேன்.